அருவிப் பாறையில் ஊரி

(சித்தாண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நத்தையைப் பற்றிக் கதைக்க ஒருவர் வருகிறார் என்றதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். வட்டைக்குள் காலில் மிதிபடுகிற ஒன்றைப் பற்றி இவ்வளவு நேரம் என்ன சொல்லப் போகிறார் என்று. மட்டக்களப்பார் அப்படிச் சிரிக்கக் கூடாது. வெளிநாட்டு நூல்களில் மட்டக்களப்பு வாவியின் பெயர் பரவியதில் ஊரி என்று நாம் சொல்கிற நீர்நத்தைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். அப்போது இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். இரவில் கோட்டைக்கு அண்மையில் தோணியில் போய், நீருக்கடியிலிருந்து எழுந்த ஓசையைக் கேட்டார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஓசை பெருத்ததாகவும், தோணி நகர நகர அது மாறியதாகவும் எழுதி வைத்தார். ‘பாடும் மீன்’ என்று நாம் சொல்லிக்கொள்வது அந்த ஓசையைத்தான். ஆனால் அன்று டெனன்டுக்குத் தமிழ் மீனவர்கள் சொன்னது மீனை அல்ல. ஊரி என்றார்கள், ஊரிகளைப் பிடித்தும் கொடுத்தார்கள். அவர் அவற்றை இனங்கண்டு இரண்டு பெயர்களைத் தம் நூலில் குறித்தார். ஒன்று செரித்தியம் பலுஸ்ட்ரே. கண்டற் சேற்றில் கிடக்கிற நீண்ட, கனத்த ஊரி. மற்றது லிட்டொரினா லீவிஸ்.

பாடுவது யார் என்ற வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது பெயர். லிட்டொரினா குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 200 இனங்கள் இருக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ‘இனம்’, ‘சாதி’, ‘குடும்பம்’ என்ற படிவரிசை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பல இனங்கள் சேர்ந்தால் ஒரு சாதி, பல சாதிகள் சேர்ந்தால் ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்தார் கடற்கரைவாசிகள். அலை தெறிக்கிற கல்லிலும் கண்டல் மரத்தின் வேரிலும் தண்டிலும் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினால் மூடியை இழுத்துச் சாத்தி, அடுத்த பெருக்கு வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள். பாதி கடல், பாதி கரை. அந்த எல்லைக்கோட்டில்தான் குடும்பத்தின் பெரும்பகுதி குடியிருக்கிறது.

ஒரே ஒரு சாதி மட்டும் மலையேறிவிட்டது.

அதன் பெயர் கிரெம்னோகொங்கஸ். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராட்டிரத்திலும் கருநாடகத்திலும், கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றர் முதல் 1400 மீற்றர் வரையான உயரத்தில், செங்குத்துப் பாறைகளில் வழிகிற நன்னீரில் அது வாழ்கிறது. விரல் நகத்தளவே இருக்கும். அருவியின் நடுத்தாரையில் அல்ல. தாரை தெறித்து எப்போதும் ஈரமாக இருக்கிற பாறைமுகத்தில். யோசித்துப் பாருங்கள், அலை தெறிக்கிற கல்லில் பழகிய உடம்புக்கு அருவி தெறிக்கிற பாறை அவ்வளவு அந்நியமான இடமா? உப்பை விட்டுவிட்டது, சாரலை விடவில்லை. கடலுக்கும் அந்தப் பாறைகளுக்கும் நடுவே இருக்கிற ஆறுகளிலும் கழிமுகங்களிலும் இந்தச் சாதியைக் காணமுடியாது. இடைப்படிகள் எல்லாம் காலியாகிக் கிடக்கின்றன. மேற்படியில் மட்டும் ஆள் இருக்கிறது.

இதை முதலில் விவரித்தவர் யார் என்று தேடினால் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவர் வருகிறார். எட்கார் லெயார்ட். நினிவே நகரைத் தோண்டிய ஒஸ்ரின் லெயார்டின் தம்பி. 1846 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் அரசாங்க உத்தியோகம். பறவைக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். இலங்கைக்கே உரிய சாம்பல் தலைக் கிளிக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான், அறிவியற் பெயரில் அவர் மனைவியின் குடும்பப் பெயர். 1850களின் நடுப்பகுதியில் லண்டன் விலங்கியற் சங்கத்தின் ஏட்டில் ஊரிகளைப் பற்றி எழுதியபோது, மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த ஊரியையும் விவரித்தார். ஆனால் வேறொரு சாதியில் போட்டுவிட்டார். ஓட்டை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தில் வேலைசெய்த வில்லியம் பிளான்ஃபோர்ட் 1863இல் அதைப் பிரித்தெடுத்தார். இன்றைய சாதிப் பெயரை 1869இல் வைத்தவரும் அவரே.

அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக மகாராட்டிரத்து மூன்று இனங்கள்தான் கணக்கு. 2013இல் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்த டேவிட் றீட், இந்தியாவின் அரவிந்த், மத்யஸ்தா ஆகியோருடன் சேர்ந்து முழுச் சாதியையும் மறுபடி ஆராய்ந்தார். ஓடு, உள்ளுறுப்பு, நாக்கு, டி.என்.ஏ. எல்லாம். கருநாடகத்தில் மட்டும் ஆறு புதிய இனங்கள் கிடைத்தன. ஒன்றுக்கு மழைக்குப் பேர்போன ஆகும்பேயின் பெயர். இன்னொன்று அனுமனின் பெயரைத் தாங்குகிறது. மலைத்தொடர் ஒன்றுதான், ஆனால் வடக்கில் இருப்பவை தெற்கில் இல்லை, தெற்கில் இருப்பவை வடக்கில் இல்லை.

நாக்கு என்றேன். நத்தையின் வாய்க்குள்ளே வரிவரியாக நுண்ணிய பற்கள் பதித்த ஒரு நாடா இருக்கிறது. நம் வீட்டுத் தேங்காய் துருவலையைப் போல அதனால் பாறையைச் சுரண்டி, படிந்திருக்கிற பாசிப் படலத்தைத் தின்னும். பல் தேய்ந்தால் பின்னாலிருந்து புதுவரிசை நகர்ந்து வரும். பற்களின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும் என்பதால், ஓடு ஏமாற்றுகிற இடத்தில் ஆராய்ச்சியாளர் நாக்கைக் கேட்பார்கள். ஆணின் இனப்பெருக்க உறுப்பையும் பார்ப்பார்கள். இதைச் சொன்னால் பின்வரிசையில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. இரண்டு கூட்டம் தமக்குள் சேருமா சேராதா என்பதை ஓட்டின் நிறத்தைவிட அந்த உறுப்பு நன்றாகச் சொல்லும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

சித்தாண்டிக்கு அருவி அந்நியம். மேற்கே குடும்பிமலை தெரியும், அவ்வளவுதான் நமக்கு வாய்த்த உயரம். ஆனால் செங்கலடிச் சந்தியில் பிரிகிற பதுளை வீதியை நினையுங்கள். கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறி அது பதுளைக்குப் போகிறது. பதுளைக்குப் பக்கத்தில் துன்ஹிந்த. தென்மேற்கே இன்னும் போனால் தியலும, பம்பரகந்த. ஒரே பகலில் வாவிக்கரையிலிருந்து அருவிக்கரைக்குப் போய்விடலாம். அந்த மலைநாட்டு நீரோடைகளிலும், அதைவிட அதிகமாகக் களனி, களு கங்கைகளின் மேற்பகுதிகளிலும் இருக்கிற ஊரிச் சாதி பலுடோமஸ். இது லிட்டொரினா குடும்பமல்ல, வேறு குடும்பம். வேகமான நீரில் கல்லை இறுகப் பிடித்து வாழ்கிற தொழில் மட்டும் ஒன்று.

இதன் ஓடு ஒரு வேடிக்கை. ஒன்று உருண்டை, வழுவழுப்பு. ஒன்றில் வரிகள். ஒன்றில் சுற்றுக்குச் சுற்று முள்வரிசை. ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சளில் கோடு. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஓடுகள் பெட்டி பெட்டியாக லண்டனுக்குப் போயின. அங்கே மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் முள்ளுள்ளதற்கு ஒரு பெயர், முள் மழுங்கியதற்கு இன்னொரு பெயர், முள்ளில்லாததற்கு வேறொரு பெயர் என்று கொடுத்துக்கொண்டே போனார்கள். லவல் றீவ் 1847இல் பெரிய வண்ணப்படத் தொகுதியில் பல பெயர்களை வெளியிட்டார். அதே ஆண்டு ஜோன் கிறே முள்ளுள்ள கூட்டத்துக்குத் தனாலியா என்று தனிச்சாதிப் பெயர் கொடுத்தார். பின்னால் வந்த நமது லெயார்ட் இன்னும் சில பிரிவுகளைச் சேர்த்தார்; ‘கங்கா’ என்றே ஒன்றுக்குப் பெயர் வைத்தார். ஆனாலும் அவருக்கு ஒரு மேன்மை உண்டு. அவர் இந்த நாட்டு ஓடைக்குள் இறங்கியவர். லண்டன் மேசைக்காரர்களுக்கு எந்த ஓடை, எந்தக் கல், எந்த ஆழம் என்ற விபரமே கிடையாது. ‘சிலோன்’ என்று எழுதிய சிறு அட்டை போதும் என்றிருந்த காலம்.

1970இல் நிலைமை மாறியது. வியன்னாப் பல்கலைக்கழகத்தின் ஃபெர்டினான்ட் ஸ்டார்முல்னரும் குழுவினரும், களனியில் அப்போது வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் என்றிருந்த நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கையின் மலையாறுகளை ஆராய வந்தார்கள். நீரின் வேகம், வெப்பம், அடியிலிருக்கிற கல் என்று எல்லாவற்றையும் அளந்து, அந்தந்த இடத்து உயிர்களைச் சேகரித்தார்கள். பலுடோமஸ் பற்றிய தனிக்கட்டுரையை ஸ்டார்முல்னர் 1977இல் வெளியிட்டார். தனாலியாவில் குவிந்து கிடந்த பெயர்களில் பலவற்றைப் பலுடோமஸ் லொரிகேட்டஸ் என்ற ஒரே இனத்துக்குள் அடக்கினார். முள்ளும் வழுவழுப்பும் ஓர் இனத்துக்குள்ளேயே மாறிமாறி வருகிற கோலங்கள் என்பது அவர் முடிவு.

பாருங்கள், இரண்டு கதையும் எதிரெதிராகப் போகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று என்று நினைத்தது ஒன்பதாயிற்று. இலங்கையில் ஒரு கூட்டம் என்று நினைத்தது ஒன்றிரண்டாகச் சுருங்கிற்று. இரண்டு இடத்திலும் பழைய கணக்கைப் பிழையாக்கியது ஓடுதான். ஓட்டைப் பார்த்து இனத்தை எண்ணாதே என்பதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த ஒரே விடயம். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

ஓடு ஏன் இப்படி மாறுகிறது? இரண்டு வலிய காரணங்கள். ஒன்று நீரின் வேகம். வேகமான நீரில் கல்லைப் பிடிக்கப் பெரிய பாதம் வேண்டும். பெரிய பாதத்துக்குப் பெரிய வாய் வேண்டும். நீர் இழுக்காமலிருக்க உடம்பு தாழ்ந்து பருமனாக இருக்கவேண்டும். மற்றது எதிரி. நண்டு ஓட்டை நொறுக்கித் தின்னும். நண்டுக்குத் தப்ப வேண்டுமானால் ஓடு தடித்து, வாய் ஒடுங்கி, முடிந்தால் முள்ளும் வேண்டும். இலங்கையில் ஏறத்தாழ 50 நன்னீர் நண்டினங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே இந்தத் தீவுக்கு மட்டும் உரியவை. ஆக, நீர் வாயை விரி என்கிறது, நண்டு வாயை ஒடுக்கு என்கிறது. இந்த இரண்டு நெருக்குதலும் ஓடைக்கு ஓடை, ஏன், ஒரே அருவியின் மேலும் கீழும்கூட, வேறு அளவில் இருக்கும்.

இது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்குச் சுவீடனில் ஓர் அழகான சோதனை நடந்தது. மறுபடியும் லிட்டொரினா குடும்பம்தான். லிட்டொரினா சக்சாட்டிலிஸ் என்ற கடற்கரை ஊரி. ஓடு ஏமாற்றியதில் இதற்குத்தான் முதற்பரிசு கொடுக்கவேண்டும். இந்த ஒரே இனத்துக்கு வெவ்வேறு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. நண்டுள்ள கரையில் அது பெரிதாக, தடித்த ஓட்டோடு, பயந்த சுபாவத்தோடு இருக்கும். அலை மோதுகிற திறந்த பாறையில் சிறிதாக, மெல்லிய ஓட்டோடு, அகன்ற வாயோடு, துணிச்சலாக இருக்கும். 1988இல் நச்சுப் பாசி பெருகி, கோஸ்டர் தீவுக்கூட்டத்தின் சிறுபாறைகளில் இருந்த ஊரிகளை அழித்துவிட்டது. கேர்ஸ்டின் யொஹான்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1992இல், வெறுமையாகிப்போன ஒரு பாறையில், நண்டுக்கரை ஊரிகள் 700ஐக் கொண்டுபோய் விட்டார். நண்டே இல்லாத, அலை மட்டும் மோதுகிற பாறை. பிறகு காத்திருந்தார். முப்பது ஆண்டுகள். அந்தப் பாறையின் ஊரிகள் அலைக்கரை வடிவத்துக்கே மாறிவிட்டன. ஓடு மட்டுமல்ல, பரம்பரையலகுகளும். 2024இல் முடிவுகள் வெளிவந்தன. மூதாதையரிடம் ஒளிந்திருந்த பழைய வேறுபாடுகளும், பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்து கலந்தவையும் சேர்ந்துதான் மாற்றத்தை இவ்வளவு விரைவாக்கின என்று டி.என்.ஏ. காட்டியது. ஓர் ஆராய்ச்சியாளர் தம் தொழில் வாழ்க்கை முழுவதும் ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குப் படி அளந்த நாட்டை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் எல்லா மாற்றமும் பரம்பரையில் எழுதப்பட்டதல்ல. ஒரே தாயின் குஞ்சுகளை ஓடும் நீரில் ஒரு பங்கும் தேங்கிய நீரில் ஒரு பங்குமாக வளர்த்தால், ஓடு வேறுவேறாக வளரக்கூடும். பரம்பரை மாறவில்லை, வளர்ப்பு மாறியது. இரண்டில் எது என்று அறிய வழி எளிது, பொறுமைதான் வேண்டும். முள்ளுள்ள கூட்டத்தின் குஞ்சையும் வழுவழுப்புக் கூட்டத்தின் குஞ்சையும் ஒரே தொட்டியில், ஒரே உணவில் வளர்க்கவேண்டும். வேறுபாடு மறைந்தால் அது நீர் செய்த வேலை. மறையாவிட்டால் பரம்பரை. டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. கலத்துக்குள் இருக்கிற இழைமணியின் டி.என்.ஏ. தாய்வழியாக மட்டும் இறங்குவது. அது தாய்களின் வரலாற்றைத்தான் சொல்லும். அதனால்தான் கிரெம்னோகொங்கஸ் பற்றிய 2013 ஆய்வில் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ.யையும் சேர்த்துப் படித்தார்கள்.

இப்போது நம் ஊர் வாய்க்காலுக்கு வாருங்கள். கரையோரச் சேற்றில் ஊசிபோல நீண்டு சுருண்ட ஒரு சிறிய ஊரி குவியலாகக் கிடக்கும். மெலனொய்டஸ் டியூபர்குலேற்றா. அதில் ஆண் அரிது. பெண் ஆணின்றியே குட்டிபோடும். கழுத்துக்குப் பின்னால் ஒரு பையில் குட்டிகளைச் சுமக்கும். தாயின் அச்சுப்படியே பிள்ளை. ஒன்று போதும், ஒரு குளத்தை நிரப்பிவிடும். உலகின் வெப்பநாடுகள் எங்கும் பரவிவிட்டது. போதாக்குறைக்கு நம் மாரி வெள்ளம். முந்தனையாறு பெருகி சித்தாண்டி மூழ்கினால் என்ன நடக்கிறது? குளம், வாய்க்கால், வட்டை, வாவி எல்லாம் ஒரே நீர். அந்தக் குளத்து நத்தை இந்தக் குளத்துக்கு வரும். ஆண்டுதோறும் கலந்துகொண்டிருக்கிற சமவெளியில் தனித்தனி இனங்கள் பிரிவது கடினம்.

அருவியில் இது தலைகீழ். வெள்ளம் நத்தையைக் கீழே கொண்டுபோகும், மேலே கொண்டுவராது. ஓர் அருவிக்கும் அடுத்த அருவிக்கும் நடுவே காட்டு மேடும் தேயிலைச் சரிவும். வறண்ட தரையைத் தாண்ட நத்தைக்கு வழியில்லை. ஒவ்வொரு பாறையிலும் இருக்கிற சிறு கூட்டம் தனக்குள்ளேயே கலந்து, தற்செயலாகச் சில பரம்பரையலகுகளை இழந்து, சிலவற்றை வைத்துக்கொள்கிறது. உள்ளுக்குள் ஒற்றுமை கூடுகிறது, அடுத்த கூட்டத்தோடு வேற்றுமை கூடுகிறது. இது போதிய காலம் நடந்தால் இனமே பிரிந்துவிடும். இலங்கையும் தென்னிந்தியாவும் கடல் தாழ்ந்த காலங்களில் தரையால் இணைந்திருந்தும், மழைக்காட்டு உயிர்கள் பெரும்பாலும் கலக்கவில்லை என்பதை 2004இல் பொசுய்ட் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் தவளை, நன்னீர் மீன், நண்டு, இறால் முதலியவற்றின் டி.என்.ஏ.யைக் கொண்டு காட்டினார்கள். நடுவில் கிடந்த வறண்ட சமவெளியே தடையாக இருந்திருக்கலாம். நாம் இருக்கிற இந்த வறண்ட வலயம்போல.

எனவே ஓர் அருவியைக் காப்பாற்றிவிட்டு, அதே நத்தைதானே, மற்றதை விடலாம் என்று கணக்குப் போட முடியாது. அதே நத்தைதானா என்பதை ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாதென்று இவ்வளவு நேரம் சொன்னேன்.

இந்தக் கணக்கு உண்மையாகவே நம் நாட்டில் போடப்படுகிறது. சிறு நீர்மின் நிலையம் எப்படி வேலைசெய்கிறது என்று பாருங்கள். அருவிக்கு மேலே ஒரு தடுப்பு. அங்கிருந்து குழாய். குழாய் மலையடிவாரத்துக்கு இறங்கி, சுழலியைச் சுற்றிவிட்டு, நீரை மறுபடி ஆற்றில் விடுகிறது. நீர் எங்கேயும் போகவில்லை, வயலுக்கு ஒரு சொட்டும் குறையவில்லை என்று சொல்வார்கள். கமக்காரரைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் தடுப்புக்கும் சுழலிக்கும் நடுவிலிருக்கிற துண்டு காய்கிறது. மின்சாரத்துக்கு வேண்டியது உயர வித்தியாசம். உயர வித்தியாசம் இருக்கிற இடம் அருவி. ஆகவே காய்கிற துண்டு பெரும்பாலும் அருவியாகவே இருக்கிறது. மலைநாட்டில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் ஓடுகின்றன.

பெரிய திட்டங்களும் உண்டு. தலவாக்கலைக்கு அருகே சென்கிளேயர் அருவியை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபோது, அருவி முற்றாக வற்றாமலிருக்கப் பகற்பொழுதில் நீர் விடுவதென்று ஏற்பாடு. பார்க்க வருகிற மனிதருக்குப் பகல் போதும். சாரலில் சுவாசித்து, பாசியைச் சுரண்டி வாழ்கிற உயிர்களுக்கு இரவு நேர விடுமுறை கிடையாது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த ஒலிவாங்கியும் அதில்தான் வேலைசெய்கிறது. ஆனால் அருவியில் எவ்வளவு நீர் விடவேண்டும் என்று தீர்மானிக்கிற மேசையில், அங்கே குடியிருப்பது யார் என்ற பட்டியலும் இருக்கவேண்டும். நத்தையை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அதற்குப் படத்தில் நிற்க அழகில்லை.

தேயிலைச் சரிவிலிருந்து இறங்குகிற மண்ணும் ஒரு தொல்லை. பாறையின் பாசிப் படலத்தில் மண் படிந்தால் நத்தைக்குச் சாப்பாடில்லை. இதற்குத் தீர்வு தெரிந்ததே. ஓடைக்கரையில் மரத்தை விடவேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே விலங்கியல் துறையும் இருக்கிறது. நத்தை ஆராய்ச்சிக்குப் பெரிய செலவில்லை. லண்டனில் இருக்கிற பழைய ஓடுகள் பெயருக்குச் சாட்சி, ஆனால் வெறும் ஓட்டிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு. இன்று வேண்டியது எத்தனோலில் இட்ட புதிய தசை. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி, பென்சிலால் எழுதியது: எந்த ஆறு, அருவிக்கு மேலா கீழா, சாரலிலா தாரையிலா, என்ன திகதி. பேனாவால் எழுதினால் எத்தனோல் அழித்துவிடும். காட்டுக்குள் எடுப்பதற்கு வனத் திணைக்களத்திடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அனுமதியில்லாமல் ஒன்றையும் தொடாதீர்கள், படம் மட்டும் எடுங்கள். படத்துக்கும் அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெரிதா சிறிதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு கல்லில் ஒன்றை மட்டும் எடுக்காமல், அந்தக் கல்லில் எத்தனை விதமான ஓடு இருக்கிறதோ அத்தனையையும் படம் எடுங்கள். லண்டன் மேசைக்காரர்கள் செய்யாமல் விட்டது அதைத்தான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வாவியில் பாடுவது எது என்று மட்டும் கேட்காதீர்கள்.